பாட்டரியில் மின்சாரம் தங்காமை: காரணங்களும் பரிகாரங்களும்

ஏரிப் பாசனத்தில் பழகிய குடியானவர்களுக்கு, ஏரியில் தண்ணீர் தங்கவில்லையென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கிறதா, மதகில் கசிவு உண்டா, ஏரியின் உட்புறம் தூர்ந்து கொள்ளளவு குறைந்துவிட்டதா என்று மூன்று இடங்களையும் முறையே பார்த்த பிறகே மராமத்தைப் பற்றி யோசிப்பார்கள். ஆனால் டிராக்டரின் பாட்டரியில் மின்சாரம் தங்காதபோது இந்த ஒழுங்கு பெரும்பாலும் மறந்துபோகிறது. பழைய பாட்டரியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதியது ஒன்றை வாங்கிவிடுகின்றனர். மதகின் கசிவை அடைக்காமல் வேறோர் ஏரியை வெட்டுவது போன்றதே இது. சில மாதங்களில் புதிய பாட்டரியும் பழையதன் கதியையே அடைகின்றது.

முற்காலத்து ஆயில் எஞ்சின்களைக் கைப்பிடியால் சுழற்றியே ஓட்டி வந்தனர். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் மோட்டார் வண்டியில் மின்சாரத்தால் சுழற்றும் ‘செல்ப் ஸ்டார்ட்டர்’ பொருத்தப்பட்டது முதல் கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது. இக்காலத்து டிராக்டர் பாட்டரியை நம்பியே இருக்கின்றது. ஏரியில் நீர் வந்து, நாற்றும் பருவத்திற்கு வந்து, சேற்றுழவுக்கு இரண்டே நாள் அவகாசம் இருக்கும்போது பாட்டரி ஓய்ந்துவிட்டால், வாடகை வண்டிக்கு அலைவதும், நாற்று முற்றுவதும், நடவு ஆட்கள் வேறிடம் போய்விடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். பாட்டரியின் விலையைக் காட்டிலும் இந்த நஷ்டமே பெரிது. ஆதலால் இக்குறையை ஆராயும் முறையை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

ஓர் உதாரணம்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ளது திருமுல்லைவாயில். முல்லைக் கொடியால் பெயர் பெற்று, மாசிலாமணீசுவரர் ஆலயத்தால் புகழ் அடைந்த ஊர் இது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஏற்பட்டதற்குப் பிந்திய ஆண்டுகளில் இப்பக்கத்து வயல்கள் பெரும்பாலும் வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. இவ்வூரில் வீட்டையும், மேற்கே திருநின்றவூர்ப் பக்கத்தில் நிலத்தையும் வைத்துக்கொண்டு, சம்பா, நவரை ஆகிய இரு போகங்கள் பயிரிடும் குடும்பம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

நவரை அறுவடை முடிந்ததும் சித்திரையில் டிராக்டர் வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றது. ஆடியில் மழை கண்டு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கின்றது. பாட்டரி கெட்டுவிட்டதென்று புதியது வாங்குகின்றனர். மறு ஆண்டு ஆடியிலும் அதே ஓசை. மூன்றாம் ஆண்டில், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் பாட்டரியைத் தொடுவதற்கு முன், “வண்டியில் புதிதாக எதையேனும் பொருத்தினீர்களா?” என்று கேட்கிறார். சாவியை எடுத்த பிறகும் ஐந்து வாட் விளக்கு ஒன்று கருவிப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிகின்றது.

பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஐந்து வாட் விளக்கு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். ஒரு நாளைக்கு அது 10 ஆம்பியர்-மணி ஆகின்றது. 75 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி முழுவதும் நிரம்பியிருந்தாலும் ஏழரை நாளில் வெறுமையாகிவிடும். இதற்கு மாறாக, செல்ப் ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் எடுத்துக்கொண்டு பத்து விநாடி சுழன்றாலும் செலவாவது ஒரு ஆம்பியர்-மணிக்கும் குறைவே. ஆகவே எஞ்சினைக் கிளப்பும் பெரிய வேலை பாட்டரியை வற்றச் செய்வதில்லை. ஒருவரும் கவனியாத சிறு கசிவே அதை வற்றச் செய்கின்றது. வற்றிய பாட்டரி வைகாசி, ஆனி வெயிலில் மூன்று மாதம் அப்படியே கிடந்ததுதான் அதன் உயிரைப் போக்கியது.

பாட்டரியின் உள்ளே நிகழ்வது

1859-ல் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே என்னும் அறிஞர் காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கலாமென்று கண்டார். இன்று டிராக்டரிலும் லாரியிலும் பெரும்பாலான வீட்டு இன்வர்ட்டர்களிலும் இருப்பது அந்த வகையே. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. இவற்றைச் ‘செல்’ என்பர். நிறைவுற்ற செல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும்.

மின்சாரம் செலவாகுங்கால் திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளிற் சேர்ந்து காரீய சல்பேட் என்னும் வெண்ணிறப் பொருளாகப் படிகின்றது, திராவகம் நீர்த்துப்போகின்றது. மின்சாரம் ஏற்றுங்கால் அப்பொருள் கரைந்து, சத்து திராவகத்திற்குத் திரும்புகின்றது. படிவு புதியதாயின் எளிதிற் கரையும். நாட்பட்டால் கடினமான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் மின்சாரம் ஏற்றினாலும் அப்பகுதி பயன்படாது. மின்சாரத்தைச் செலவிடுவதில் தவறில்லை; செலவிட்டதை உடனே ஈடு செய்யாமல் விடுவதே தவறு.

பாட்டரிகளிலும் இரு இனம் உண்டு. டிராக்டரில் இருப்பது மெல்லிய தகடுகளைப் பல அடுக்காகக் கொண்டு, சில விநாடிகளில் மிகுந்த மின்சாரத்தை வாரி வழங்கும் இனம். வீட்டு இன்வர்ட்டரில் பெரும்பாலும் இருப்பது குழாய் வடிவத் தகடுகளைக் கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாக வழங்கும் இனம். மேல்நாடுகளில், உண்ணவும் உறங்கவும் வசதி செய்யப்பட்ட பிரயாண வண்டிகளில் எஞ்சினுக்கு ஒன்றும் விளக்கு முதலியவற்றுக்கு வேறொன்றுமாக இரு இனங்களையும் தனித்தனியே வைக்கின்றனர். அவ்வண்டிகள் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்படுவதால், மின்சாரம் தங்கவில்லை என்ற முறையீடு அங்கும் சாதாரணமானதே. டிராக்டரின் பாட்டரியைக் கழற்றி வீட்டு விளக்கிற்கும் விசிறிக்கும் உபயோகித்தால், அதன் மெல்லிய தகடுகள் ஆழ்ந்த செலவைத் தாங்காமல் விரைவில் உதிர்ந்துவிடும்.

முன் எச்சரிக்கை

மின்சாரம் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகின்றது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் அது வெடிக்கும். ஆகையால் அருகில் பீடி, தீக்குச்சி, விளக்கு ஆகியவை கூடா. காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்தல் வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடிக் கவசமும் கைக்கு ரப்பர் உறையும் அவசியம். திராவகம் கண்ணிற் பட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கம்பிகளைக் கழற்றும்போது முதலில் ‘−’ குறியுள்ள முனையையும், பூட்டும்போது கடைசியில் அதே முனையையும் கையாளுதல் முறை. இக்காலத்து டிராக்டர்களில் இந்த முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால், மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டாலும் பொறி எழாது.

பரீட்சை முறை

முதலில் கண்ணால் பார்த்தல். முனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால், கிளாம்பும் முனையும் சரியாகத் தொடவில்லை என்பது பொருள். பாட்டரி நிரம்பியிருந்தும் இக்குறையினால் செல்ப் எடுக்காமல் இருப்பது உண்டு. செல் மூடிகளை இறுக்கி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலம்பி, துடைத்து, பளபளப்பாகத் தேய்த்துப் பூட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு துளியும் இறங்கலாகாது. பாட்டரியின் மேற்புறம் ஈரமும் அழுக்குமாக இருந்தால், அவ்வழியாகவும் சிறிது மின்சாரம் இரு முனைகளுக்கிடையே ஓடி வீணாகும். ஆதலின் அதையும் துடைத்து உலர்த்த வேண்டும்.

இரண்டாவது, திராவக மட்டம். ஒவ்வொரு செல்லிலும் தகடுகள் மூழ்கியிருத்தல் வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, மின்சாரம் ஏற்றி முடிந்த பிறகு குறிவரை நிரப்ப வேண்டும். முன்னமே நிரப்பினால் ஏற்றும்போது திராவகம் பொங்கி வழியும். கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றலாகாது. அவற்றிலுள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். குடிப்பதற்காகச் சுத்தி செய்த நீரும் டிஸ்டில்ட் வாட்டருக்கு ஈடாகாது. திராவகத்தை மேலும் ஊற்றினால் சத்து கூடுமென்று எண்ணுவதும் பிழை. ஆவியாகிப் போனது நீரே. திராவகம் உள்ளேயே இருக்கின்றது.

மூன்றாவது, முழுவதும் மின்சாரம் ஏற்றுதல். அரைகுறையாக நிரம்பிய பாட்டரியைப் பரீட்சித்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வீதத்தில், அதாவது 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஏழரை ஆம்பியர் வீதத்தில் ஏற்றுவது வழக்கம். எல்லாச் செல்களிலும் குமிழிகள் ஒரே மாதிரி எழுந்து, ஒரு மணிக்கு ஒருமுறையாக மூன்று முறை பார்த்தும் ஹைட்ரோமீட்டர் அளவு மாறாதிருந்தால் நிறைவடைந்ததாகக் கொள்ளலாம். அவசரத்திற்காக மிகுந்த வேகத்தில் ஏற்றினால் தகடுகள் சூடேறி வளையும்.

நான்காவது, ஓய்வுப் பரீட்சை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. நிரம்பிய பாட்டரியின் இரு கம்பிகளையும் கழற்றி ஓர் இரவு விட்டு, காலையில் மல்டிமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளவுகளின் பொருள் ஏறக்குறையப் பின்வருமாறு:

12.5 முதல் 12.7 வோல்ட் வரை: நிறைவு
12.4 வோல்ட்: முக்கால்
12.2 வோல்ட்: பாதி
12.0 வோல்ட்: கால்
11.8 வோல்ட்: வெறுமை

முழுதும் ஏற்றிய பின்னும் 10.5 வோல்ட் அளவில் நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று அறியலாம்.

கம்பியைப் பூட்டாமலே மேலும் மூன்று நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தால் பாட்டரியிற் குற்றமில்லை. குற்றம் வண்டியில் இருக்கின்றது. தனியே நின்றும் இறங்கிவிட்டால் குற்றம் பாட்டரியினுடையதே. மூன்று நாள் பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், புதிய பாட்டரி வாங்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஐந்தாவது, ஹைட்ரோமீட்டர் பரீட்சை. திராவகத்தின் ஒப்படர்த்தியை இக்கருவி காட்டும். நிறைவுற்ற செல்லில் அது 1.240 முதல் 1.280 வரை, தயாரிப்பாளர் குறித்தபடி இருக்கும். உஷ்ண தேசங்களுக்கெனச் செய்யப்படும் பாட்டரிகளில் குறைந்த அளவே வைக்கப்படுகின்றது. 1.120-க்கு அருகில் இறங்கினால் வெறுமை. ஆறு செல்களையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் குறைவாயிருந்தால் மின்சாரம் போதவில்லை என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் பழுதடைந்தது. மூடி முத்திரையிடப்பட்ட பாட்டரிகளில் இப்பரீட்சைக்கு இடமில்லை. வோல்ட் அளவையே நம்ப வேண்டும். அவற்றுட் சிலவற்றின் மேல் பச்சை நிறம் காட்டும் கண் இருக்கும். அது ஒரு செல்லின் நிலையை மட்டுமே காட்டும். மற்ற ஐந்துக்கும் அது சாட்சியாகாது.

வரத்துக் கால்வாய்: மின்சாரம் வந்து சேராமை

குற்றம் வண்டியில் என்று தெரிந்தால் முதலில் வரத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பாட்டரியின் முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓய்வில் காட்டிய அளவே மாறாமல் நின்றால், ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வரவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தாழலாகாது. கம்பி இற்றிருக்கலாம். எலி கடித்த கம்பிகள் கொட்டகையில் நின்ற வண்டிகளில் சாதாரணம். இவ்விரண்டும் சரியாயிருந்தால் ஆல்டர்னேட்டரையோ அதன் ரெகுலேட்டரையோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அளவு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும் கேடே. அப்போது திராவகம் கொதித்து நீர் விரைவில் வற்றும். வாரந்தோறும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற நேர்ந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

மதகு: நின்ற வண்டியில் மின்சாரம் கசிதல்

வரத்து சரியாயிருந்தும் இரவில் மின்சாரம் குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். சாவியை எடுத்து, எல்லா விளக்குகளையும் அணைத்து, ‘−’ முனையின் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் இணைக்க வேண்டும். பெரிய அளவான 10 ஆம்பியர் துளையையே பயன்படுத்த வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்பைத் தொட்டால் மீட்டர் எரிந்துபோகும்.

0.05 ஆம்பியருக்குக் குறைவாயிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால் ப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த ப்யூஸை எடுத்தவுடன் மீட்டரின் அளவு விழுகிறதோ, அந்தக் கம்பி வழியில் கசிவு உண்டு. பின்னாற் சேர்த்த பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் கருவி ஆகியவற்றை நேராகப் பாட்டரியில் இணைத்திருப்பதே பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம். எல்லா ப்யூஸ்களையும் எடுத்த பின்னும் அளவு விழாவிட்டால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு பழுதாகி அதன் வழியே மின்சாரம் திரும்பிப் பாயலாம். ‘−’ முனையில் கைச் சுவிட்சு ஒன்றைப் பொருத்தி, வண்டி நிற்கும்போதெல்லாம் திருப்பிவிடுவது மதகுக்குப் பலகை போட்டது போலாகும்.

தூர்: தகடுகள் கெடுதல்

பாட்டரியே குற்றமுடையதென்று ஓய்வுப் பரீட்சையில் தெரிந்தால், அது இருவகைப்படும். முதலாவது, முன்னே கூறிய காரீய சல்பேட் இறுகுதல். சில வாரங்களே ஆன படிவாயின், கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு வீதத்தில் மிக மெதுவாக ஒன்றிரண்டு நாள் மின்சாரம் ஏற்றிப் பார்க்கலாம். ஹைட்ரோமீட்டரில் அளவு ஏறிக்கொண்டே வந்தால் பாட்டரி பிழைக்கும். ஏறாவிட்டால் மேலும் முயலுவது மின்சார நஷ்டமே. இறந்த பாட்டரியை எழுப்புவதாகச் சொல்லி விற்கப்படும் தூள்களையும் கரைசல்களையும் வாங்கி ஊற்றுவது தகாது.

இரண்டாவது, தகடுகளின் மேற்பூச்சு உதிர்ந்து செல்லின் அடியில் வண்டலாகப் படிதல். வண்டல் உயர்ந்து தகடுகளைத் தொட்டால் செல் தனக்குள்ளேயே மின்சாரத்தைத் தின்றுவிடும். இதற்குப் பரிகாரமில்லை. பாட்டரியைப் பட்டைபோட்டு அசையாமல் பூட்டாத வண்டிகளில், வரப்பேறி இறங்கும் அதிர்ச்சியால் இது விரைவில் நேர்கின்றது. இந்த நிலையில் புதிய பாட்டரி வாங்குவதே முறை. வாங்குமுன் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பத்திரமாயிருந்தால் செலவில்லாமலும் போகலாம்.

வண்டி நிற்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

பாட்டரி ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் தானே சிறிது சிறிதாக இறங்கும். உஷ்ணம் பத்து டிகிரி உயர உயர இந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆதலால் கத்தரி வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்த பாட்டரி, நிழலில் வைத்ததைவிடப் பன்மடங்கு விரைவாக வற்றும். போகம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது பாட்டரியை முழுதும் நிரப்பி, கழற்றி, துடைத்து, குளிர்ந்த நிழலான இடத்தில் குழந்தைகள் எட்டாதபடி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியிருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை வண்டியை ஐந்து நிமிஷம் ஓட்டி அணைப்பது போதாது. வற்றிய பாட்டரி நிரம்பப் பல மணி நேரம் வேண்டும்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பழைய காலத்து மரப்பெட்டிப் பாட்டரிகளில் ஈரத்தினால் அவ்வாறு நேர்ந்திருக்கலாம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அதற்கு இடமில்லை. அழுக்கையும் வெயிலையும் அஞ்சினாற் போதும்.

வீட்டு இன்வர்ட்டரும் புயற்காலமும்

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோதும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோதும், சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பல இடங்களில் மின்சாரம் நாட்கணக்கில் தடைப்பட்டது. இத்தகைய வேளைகளில் இன்வர்ட்டர் பாட்டரியைக் கடைசித் துளிவரை செலவிட்டுவிட்டு, மின்சாரம் வரும்வரை வெறுமையாகவே விட நேர்கின்றது. பிறகு, முன்பு நான்கு மணி நேரம் ஓடிய விசிறி ஒரு மணியில் நின்றுவிடுகிறதென்று முறையிடுகின்றனர்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் பாட்டரியை நிரப்பி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வைக்க வேண்டும். விளக்கு ஒன்றுக்கு மட்டும் செலவிட்டு, பாதிக்குமேல் இறங்காதபடி பார்த்துக்கொண்டால் உத்தமம். மின்சாரம் திரும்பிய அன்றே முழுவதும் ஏற்ற வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய இன்வர்ட்டரை உலர்த்திப் பரீட்சிக்காமல் இணைப்பது உயிருக்கு அபாயம். சூரிய மின்வேலிக்கு வைத்த பாட்டரிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அங்கே சூரியத் தகட்டின் மேல் படியும் தூசியும் மரநிழலும் வரத்தைக் குறைக்கும் காரணங்களாகும்.

பழைய பாட்டரியைக் கழித்தல்

பாட்டரியின் எடையில் பாதிக்கு மேற்பட்டது காரீயம். அது கொடிய விஷம். விசேஷமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டகாரின் புறநகர் தியாரோய்-சுர்-மேர். அங்கே பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தனர். பாட்டரியை உடைப்பதோ, திராவகத்தைக் கால்வாயிலோ வயலிலோ கொட்டுவதோ, அதன் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியாக உபயோகிப்பதோ ஒருபோதும் கூடாது.

இந்தியாவில் 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டால் விலையிலும் சிறிது கழிக்கப்படும். தெருவோரத்தில் உடைப்பவரிடம் சில ரூபாய் அதிகம் கிடைப்பதாயினும், அந்த லாபம் அடுத்த வீட்டுக் குழந்தையின் உடம்பிலிருந்து எடுக்கப்படுவதாகும்.

சுருக்கம்

மின்சாரம் தங்காத பாட்டரியைக் கண்டவுடன் முனைகளைச் சுத்தம் செய்க. மட்டத்தைப் பார்க்க. முழுதும் நிரப்புக. மூன்று நாள் தனியே வைத்து அளக்க. தனியே நின்று இறங்காவிட்டால் வண்டியின் வரத்தையும் கசிவையும் தேடுக. இறங்கினால் பாட்டரியை மாற்றுக. வெறுமையான பாட்டரியை ஒரு நாள்கூட வெறுமையாக விடாதிருக்க. ஒரு சிறு ஏட்டில் பாட்டரி வாங்கிய தேதியையும் மாதாந்திர வோல்ட் அளவையும் எழுதி வருவது நலம். அவ்வாறு எழுதி வருபவர்களுக்கு ஆடியில் சாவியைத் திருப்பும்போது என்ன ஓசை கேட்கும் என்பது பங்குனியிலேயே தெரிந்துவிடும்.